கடலோர ஊரில் குடியேறலாமா? நாலு நாள் சுற்றிப் பார்த்தவர்களுக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். விடுமுறைக்கு ஒரு சின்னக் கடலோர ஊருக்குப் போயிருக்கிறீர்கள். காற்று, அலை, முன்பின் தெரியாதவரிடமும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும் மனிதர்கள், எல்லாமே பிடித்துப்போய்விட்டது. வேலையை வீட்டிலிருந்தே செய்ய முடியும் என்பதால் அப்படி ஓர் ஊரிலேயே போய் இருந்துவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். வருடம் முழுக்க இருந்தாலும் அந்த அழகு நிற்குமா, ஆறு மாதத்தில் சலித்துவிடுமா?

நிற்கும். ஆனால் நாலு நாளில் உங்கள் கண்ணில் பட்டதெல்லாம் நிற்காது. நீலம், சூரிய உதயம், மணலில் நடை இவையெல்லாம் ஒரு வருடத்துக்குள் பழகிவிடும். பல வருடங்கள் கடலோரத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாரங்கள் ஓடியதுண்டு. பழகிப்போகாதது வேறொன்று. கடல், ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரக்கணக்கைக் கொடுத்து, எல்லாரையும் ஒரே இடத்துக்கு இழுத்து வருகிறது. அந்த ஊர்களின் சிநேகம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். அங்கே பிறப்பவர்கள் மற்றவர்களைவிட நல்லவர்கள் என்றெல்லாம் நான் நம்பவில்லை.

முதலில் காற்று. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த மணலுக்கு அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போதும். அதோடு, மணலில் விழும் வெயில் மேலாகவே நின்றுவிடும். கடலில் அது ஆழத்துக்கு இறங்கும், அலையும் அதைக் கலக்கிவிடும். அதனால் முற்பகலிலேயே தரை சுட ஆரம்பித்துவிடும், கடலின் சூடு அவ்வளவாக மாறாமல் இருக்கும். தரைமேல் உள்ள காற்று சூடாகி மேலே எழும்போது, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடுவதால் இதே கதை தலைகீழாக நடக்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கி, கொஞ்சம் மெலிவாக. பாய்மரக் காலத்தில் விடியலுக்கு முன் நிலக்காற்றில் வெளியே போய், பிற்பகல் கடல்காற்றில் வீடு திரும்புவதுதான் பல கரைகளில் வழக்கம். இயந்திரம் வந்த பிறகும் அந்த நேரக்கணக்கு முழுசாக மறையவில்லை.

காற்று மாறும் அந்தக் கொஞ்ச நேரத்தை ஒரு முறையாவது கவனித்துப் பாருங்கள். காலைக்காற்று ஓய்ந்திருக்கும், கொடியில் காயும் துணி நேராகத் தொங்கும், சட்டை முதுகோடு ஒட்டும். அப்புறம் கடல் பக்கத்து ஜன்னல் திரை லேசாக உள்ளே வயிறு தள்ளும். எங்கோ ஒரு கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். சில நிமிடங்களில் வீட்டுக்குள் இருக்கும் வாசனையே மாறிவிடும். உள்ளே புழுக்கம், வெளியே காற்று என்றால் யார் உள்ளே உட்காருவார்கள்? தெருவே வாசலுக்கு வந்துவிடும். வாசலில் உட்கார்ந்திருப்பவர் தெருவில் போகிறவரைப் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. ஒரு வார்த்தை கேட்டே ஆக வேண்டும். ஜன்னலைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொள்ளும் தெருவில் இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை.

குளிர்ப்பிரதேசக் கடலோரங்களில் இதே குணம் வேறு மாதிரி உதவும். கோடையில் வாங்கி வைத்த வெப்பத்தைக் கடல் மெதுவாகத்தான் விடுகிறது. அதனால் உள்நாட்டைவிடக் குளிர்காலம் மிதமாக இருக்கும். பதிலுக்கு வசந்தம் தாமதமாக வரும்.

அந்த வாசனையைப் பற்றியும் ஒன்று. பலரும் உப்பு வாசனை என்பார்கள். உப்புக்கு வாசனை கிடையாது. மூக்கில் ஏறுவதில் பெரும்பங்கு டைமெத்தில் சல்பைடு என்ற வாயு. கடலில் மிதக்கும் நுண்பாசிகள் சிதையும்போது பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. சில கடற்பறவைகள் இந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் இரை இருக்கும் பக்கம் போகின்றன. கடலை விட்டு எவ்வளவு தள்ளிப் போனாலும் இந்த வாசனை வந்ததும் ஊர் ஞாபகம் வரும் என்று கடலோரத்துக்காரர்கள் சொல்வது மிகையில்லை.

இரண்டாவது, ஓதம். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். சூரியக் கணக்கில் வைத்துப் பார்த்தால் இது ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தத் திங்கள் காலை ஆறு மணிக்குக் கடல் வற்றிக் கிடந்தால், அடுத்த திங்கள் அதே நேரத்துக்குத் தண்ணீர் ஏறக்குறைய முழு ஏற்றத்தில் நிற்கும். அலுவலகக் கடிகாரத்தோடு எந்தக் காலத்திலும் ஒத்துப்போகாத இன்னொரு கடிகாரம் இது. ஊர் முழுக்க இதைப் பார்த்துத்தான் நடக்கும். சிப்பி பொறுக்குபவர், தூண்டில் போடுபவர், படகைத் தள்ளுபவர், குழந்தைகளை விளையாடக் கூட்டிப்போகிறவர் எல்லாருக்கும் ஒரே கேள்வி: இன்றைக்குத் தண்ணீர் எப்போது வற்றும்?

புதிதாகப் போனவருக்கு இதுதான் முதல் பாடம், முதல் சிநேகமும்கூட. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றலும் பெரிதாக இருக்கும், அரைநிலாக் காலத்தில் அடங்கியிருக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கலாம். பெரிய ஏற்றம் முழுநிலா அன்றே வராது, பல கரைகளில் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும் என்பதைக் கரையில் நிற்கும் யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்வீர்கள். அவர் சொல்லும்போது கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லித்தருவதில் கரைக்காரர்களுக்கு ஒரு தனி சந்தோஷம். அங்கே ஊர் சேர்வதற்கு அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லாக் கடலும் ஒரே மாதிரி மூச்சு விடாது என்பதையும் நினைவில் வையுங்கள். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் வித்தியாசம் அரை மீட்டரைத் தாண்டாது. அங்கே படியிறங்கினால் எப்போதும் தண்ணீர். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அது 16 மீட்டர் வரை போகும். காலையில் மிதந்த படகு மதியம் சேற்றில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் போகும் ஊர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் நாள் எப்படிப் போகும் என்பதில் பாதி அதில் அடங்கும்.

இனி நான் மிக முக்கியம் என்று நினைப்பது, கரை யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்பது. இது பழைய எண்ணம். ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில், கி.பி. 533-ல் தொகுத்த ரோமானியச் சட்டப் பாடநூலில் காற்று, ஓடும் நீர், கடல், அதனால் கடற்கரை ஆகியவை இயற்கையிலேயே எல்லாருக்கும் பொது என்று எழுதியிருக்கிறது. இன்றைக்கும் பல நாடுகளின் சட்டங்களில் அதன் சாயல் உண்டு. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை, அப்படி இருக்கும் நாட்டிலும் வேலி போட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஊர் நடுவில் காசு கொடுக்காமல், எதையும் வாங்காமல், யார் அனுமதியும் கேட்காமல் எத்தனை மணி நேரமும் இருக்கக்கூடிய ஓர் இடம் கடலோர ஊருக்குப் பெரும்பாலும் உண்டு. பெரிய நகரத்தில் இப்படி ஓர் இடத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் உட்கார வேண்டுமென்றால் முதலில் ஏதாவது வாங்க வேண்டும்.

கரையில் நிற்கிறவர் என்ன வேலை செய்கிறார், எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. கால்சட்டையை மடித்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டால் எல்லாரும் ஒன்றுதான். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். கரையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசுவதில்லை. இருவரும் கடலைப் பார்த்தபடி, தோளுக்குத் தோள் நின்று பேசுகிறார்கள். நடுவில் பேச்சு அறுந்துவிட்டாலும் சங்கடம் இல்லை, பார்க்க ஏதோ இருக்கிறது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி. மணலில் நிற்கும் சராசரி உயரமுள்ள ஒருவருக்குத் தொடுவானம் 5 கிலோமீட்டருக்கும் சற்று குறைவான தூரத்தில்தான் இருக்கிறது. கண் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அது 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். திரும்பிவரும் படகை முதலில் பார்க்க மாடிக்கு ஓடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும்.

வேலையும் சேர்ந்து செய்யும் வேலை. கரைவலை இழுப்பதைப் பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும். உலகின் பல கடற்கரைகளில் சின்னச் சின்ன மாற்றங்களோடு இருக்கும் முறை அது. படகு வலையைக் கடலில் அரைவட்டமாக விரித்துவிட்டு வரும். இரண்டு பக்கக் கயிறும் கரையில் இருக்கும். ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு வரிசை. குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரே தாளத்தில் இழுக்க வேண்டும். தாளம் தப்பினால் பாரம் முழுக்க ஒருவர் தோளில் விழும். வரிசையின் கடைசியில் இருப்பவர் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு, தண்ணீரோரம் ஓடி மறுபடி முதல் ஆளாகப் பிடிப்பார். வலை நெருங்க நெருங்க இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நோக்கி நகரும். மிதவைகள் தெரிந்து, கடைசியில் வலையின் மடி கரையேறும்போது அதில் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். இதற்கு இருபது முப்பது பேர் வேண்டும். வேடிக்கை பார்க்க நிற்கிற புதியவர் கயிற்றில் கை வைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

கடல்தொழிலில் மாதச் சம்பளத்தைவிடப் பங்கு முறைதான் உலகம் முழுக்கப் பழையது. பிடிபட்டதில் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு. ஒன்றும் கிடைக்காவிட்டால் எல்லாருக்கும் ஒன்றுமில்லை. இன்றைக்கு எனக்குக் கிடைத்தது நாளைக்கு உனக்குக் கிடைக்கலாம் என்ற நிலையில், அடுத்தவரைப் பகைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது. அதோடு, கடலில் இயந்திரம் நின்றுவிட்டால் உதவிக்கு வரக்கூடியவர் பக்கத்துப் படகுக்காரர்தான். நேற்று அவரோடு சண்டை போட்டிருந்தாலும் அவர் வருவார். கடலில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்பது 1982-ம் ஆண்டின் ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையில் 98-வது பிரிவாக இருக்கிறது. ஆனால் எந்த உடன்படிக்கைக்கும் வெகு முன்பிருந்தே கடலோடிகள் அதைக் கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள். இந்தப் பழக்கம் கரையிலும் ஒட்டிக்கொள்கிறது. மீன்பிடித் தொழிலோடும் கடலோடும் தொடர்பில்லாத தையல்காரரும் ஆசிரியரும்கூட அந்த ஊரில் இந்த மனநிலையோடுதான் இருப்பார்கள்.

வானிலைப் பேச்சும் இப்படித்தான். மற்ற ஊர்களில் பேச வேறொன்றும் இல்லாதபோது வானிலையைப் பேசுவார்கள். கடலோரத்தில் அது செய்தி. வானிலை முன்னறிவிப்பு என்ற பொதுச் சேவை உருவானதற்கே கடலோர அழிவு ஒரு முக்கியக் காரணம். 1859 அக்டோபரில் வேல்ஸ் கரையில் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் புயலில் சிக்கி உடைந்து, சுமார் 450 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் பிரிட்டனில் வானிலைத் துறைத் தலைவராக இருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1861-ல் துறைமுகங்களுக்குத் தந்தி வழியாகப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையைத் தொடங்கினார். சின்ன மீன்பிடித் துறைகளில் காற்றழுத்தமானிகளை வைக்கவும் ஏற்பாடு செய்தார். கருவி ஒன்று, அதைச் சுற்றி நிற்கும் கூட்டம், ஆளுக்கொரு அபிப்பிராயம். இப்போது அந்த இடத்தில் கைபேசி இருக்கிறது, அபிப்பிராயங்கள் அப்படியே இருக்கின்றன.

ஊர்ப்பேச்சு உயிரைக் காப்பாற்றியதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907-ல் ஒரு சுனாமி பலரைக் கொன்றது. பிழைத்தவர்கள் அதைப் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு, காத்திருக்காதே. அந்த அலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்மோங்'. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவுகளில் அது ஒன்று. 70,000-க்கும் அதிகமானோர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் என்கிறது கணக்கு. எச்சரிக்கைக் கருவி எதுவும் இல்லை. ஒருவர் கத்தினார், அடுத்தவர் நம்பினார். அக்கம்பக்கத்தாரோடு பேச்சுவார்த்தை இருப்பதன் பலனை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு உதாரணம் கிடைக்கவில்லை.

தினசரி அளவிலும் இது பொருந்தும். அலைகள் உடைந்து நுரைத்துக்கொண்டிருக்கும் கரையில், நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாக, நுரையில்லாமல் தெரிந்தால் புதியவருக்கு அங்கேதான் இறங்கத் தோன்றும். பல சமயம் அதுதான் கரையிலிருந்து தண்ணீர் திரும்பிக் கடலுக்குள் பாயும் இழுவை. வேகமாக ஓடும்போது அது நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் போகும். நல்ல நீச்சல்காரராலும் எதிர்த்து நீந்த முடியாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். 'இன்றைக்கு இறங்காதீங்க' என்று யாராவது சொன்னால் காரணம் கேட்காமல் கேட்டுக்கொள்ளுங்கள், காரணத்தை அப்புறம் விசாரிக்கலாம்.

உடம்புக்கு நல்லதா என்று கட்டாயம் கேட்பீர்கள். இங்கிலாந்தின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கடலுக்கு அருகில் வசிப்பவர்களில், தங்கள் உடல்நலம் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்களின் விகிதம் அதிகமாக இருந்தது. வசதி குறைந்த பகுதிகளில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதே இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2021-ல் வெளியிட்ட ஆண்டறிக்கை முழுக்கக் கடலோரச் சமூகங்களைப் பற்றியது. அங்கே நோய்ச்சுமை அதிகம், முதியவர்கள் அதிகம், மருத்துவர்களும் செவிலியர்களும் வந்து தங்குவது குறைவு என்றது அது. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை என்றே நினைக்கிறேன். ஒரே மாதிரி வசதியுள்ள இரண்டு பேரை ஒப்பிட்டால் கடலோரத்தில் இருப்பவருக்குக் கொஞ்சம் கூடுதல் லாபம். ஆனால் கடலோர ஊர் பல சமயம் சாலையின் கடைசியில் இருக்கும் ஊர். அதற்கு அப்பால் கடல்தான் என்பதால் மருத்துவமனைக்கும் வேலைக்கும் ஒரே பக்கம்தான் போக முடியும். வயதான பெற்றோர் உங்களோடு வருவதாக இருந்தால் இதை முதல் கேள்வியாக வையுங்கள்.

சரி, செலவுப் பக்கத்துக்கு வருவோம். எதிரி உப்பு. ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது வெடிக்கும் கோடிக்கணக்கான குமிழிகள் அதை நுண்துளிகளாகக் காற்றில் ஏற்றிவிடுகின்றன. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் கூடவே இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் போதும். ஆகவே உங்கள் ஜன்னல் கம்பியில் படிந்த உப்பு மழையே இல்லாத நாளிலும் ஈரமாகவே இருக்கும். இரும்பு துருப்பிடிக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கீலைப் பாருங்கள். முதலில் திருகாணித் தலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. சில வாரங்களில் அது கதவு வர்ணத்தின்மேல் கோடாக வழியும். அப்புறம் ஒரு நாள் திருகாணியைக் கழற்றப் போனால் திருப்புளி நிற்கும் பள்ளமே இருக்காது, தலை மாவாக உதிரும். எவர்சில்வர் வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். வீட்டுச் சாமான்களில் அதிகம் வரும் 304 வகை கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 வகை கேட்டு வாங்க வேண்டும், அதையும் அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொண்டு கான்கிரீட்டையே பிளந்துவிடும். பழைய வீடு வாங்கப் போனால் தூணின் கீழ்ப்பகுதியிலும் பால்கனியின் அடிப்பக்கத்திலும் நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வர்ணம் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

நல்ல செய்தி, காற்றில் வரும் உப்பு கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே வேகமாகக் குறைந்துவிடும். கடலைப் பார்த்த முதல் வரிசை வீட்டுக்காக ஆசைப்படுகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, மூன்றாவது தெருவில் இருங்கள் என்பதுதான். கடல்காற்று அங்கேயும் வரும். கரைக்கு நடந்து போகும் வழியில் நாலு பேரைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும். முதல் வரிசையில் அது கிடைக்காது.

தண்ணீரைப் பற்றி விசாரிக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். கரையோர நிலத்தடியில் நல்ல தண்ணீர், உப்புத்தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் கைபனும் 1901-ல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டுபிடித்த கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள். உறிஞ்சி உறிஞ்சி மேல்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறிவரும். கிணறு ஒரு முறை கரித்துவிட்டால் திரும்ப இனிக்கப் பல வருடங்கள் ஆகும். அதனால் ஒரு தெருவில் ஒருவர் ஆழ்துளை போட்டு அளவில்லாமல் இறைத்தால் தெரு முழுக்கக் கரிக்கும். கடலோர ஊர்களில் தண்ணீருக்காக வரும் மனஸ்தாபத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்கு இருக்கும்.

கரை அரிப்பையும் சேர்த்துப் பாருங்கள். மணல், அலையோடு கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவே துறைமுகச் சுவரோ கல்தடுப்போ கட்டினால் மணல் வரும் பக்கம் கரை அகலமாகும், மறுபக்கம் கரைந்துபோகும். கல்தடுப்பின் எந்தப் பக்கத்தில் உங்கள் வீடு என்பது விலையைவிட முக்கியம். அதோடு உலகச் சராசரிக் கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையே 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, வேகமும் கூடிவருகிறது. இருபது முப்பது வருடக் கடனில் வீடு வாங்குவதாக இருந்தால் இதைத் தள்ளிவைக்க முடியாது.

இப்போது சிநேகத்தின் மறுபக்கம். வந்துபோகிறவரிடம் காட்டும் சிரிப்பும் குடியிருப்பவரிடம் காட்டும் சிநேகமும் வேறு வேறு. முதலாவது உடனே கிடைக்கும். இரண்டாவதுக்கு ஒரு மழைக்காலமாவது நீங்கள் அங்கே இருந்து காட்ட வேண்டும். கிடைத்த பிறகு இன்னொன்றும் சேர்ந்து வரும்: உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது, ஏன் இரண்டு நாளாகக் கரைப்பக்கம் காணோம் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும்போது கதவைத் தட்டுவதும் அதே ஆட்கள்தான். அக்கறை மட்டும் வேண்டும், விசாரணை வேண்டாம் என்று பிரித்து வாங்க முடியாது. இது ஒத்துவராதவர்கள் உண்டு, அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர்களுக்கு நகரத்து அடுக்குமாடிதான் நிம்மதி.

இந்த அழகைக் கெடுப்பதில் உப்பைவிட வேகமானது பூட்டிக் கிடக்கும் வீடு. பிரபலமாகிவிட்ட கடலோர ஊர்களில் வெளியூர்க்காரர்கள் விடுமுறை வீடு வாங்குகிறார்கள், விலை ஏறுகிறது, அங்கே பிறந்த பிள்ளைகளுக்கே வாடகை கட்டுப்படியாகாமல் வெளியே போகிறார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊர்க்காரர்கள் 2016-ல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகளை நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தும் திட்டத்தை நிறைவேற்றினார்கள். வாக்களித்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. கட்டுப்பாடு புதிய வீடுகளுக்கு மட்டும் என்பதால் தேவை பழைய வீடுகள் பக்கம் திரும்பும் என்று அப்போதே சிலர் சொன்னார்கள், நியாயமான சந்தேகம்தான். எப்படியோ, வாசலில் உட்கார ஆள் இல்லாத தெருவில் கடல்காற்று வந்து என்ன பிரயோஜனம்? வருடம் முழுக்கத் தங்கப்போகிற உங்களைப் போன்றவர்களை அந்த ஊர்கள் மனதார வரவேற்பதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்களும் வார இறுதிக்கு மட்டும் வருகிறவராக மாறிவிட்டால் அந்த வரவேற்பு ஆறிப்போகும்.

ஆக, என்ன செய்யலாம்? விருப்பப்பட்ட ஊருக்கு இன்னொரு முறை போங்கள், இந்தத் தடவை மோசமான பருவத்தில். மழையும் காற்றும் அடிக்கும்போது, படகுகள் கரையேறிக் கிடக்கும்போது. கடைகள் திறந்திருக்கின்றனவா, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா, இரவு எட்டு மணிக்கு ஒரு தெருவில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், அதுவும் கோடைக் கடைசியில் எப்படி இருக்கும் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவசரத்துக்கு மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதைப் படத்தில் பார்க்காமல், வண்டியில் போய்ப் பார்த்துவிடுங்கள். எல்லாம் திருப்தி என்றால் மூன்றாவது தெருவில் ஒரு வருடத்துக்கு வாடகைக்கு வீடு எடுங்கள். மேசைக் கணினியை விட்டுவிட்டு விசிறி இல்லாத மடிக்கணினியோடு போங்கள், உப்புக்காற்று முதலில் கைவைப்பது விசிறி வைத்துக் காற்றை உள்ளே இழுக்கும் கருவிகளில்தான். வேலை செய்யும் மேசையைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராகப் போடாதீர்கள். திரையில் கண்கூசும், வேலையும் நடக்காது. வீடு வாங்கும் பேச்சை ஒரு வருடம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரரிடமே தொடங்குங்கள், தரகரைவிட அவருக்கு அந்தத் தெருவின் தண்ணீரும் தூணும் நன்றாகத் தெரியும்.